முன்சக்கரம் மடங்கும் இடம்

(செபராங் ஜெயாவில் பழைய கார் ஆர்வலர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் ஒன்று நம் தெருவுக்குள் நுழைந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாசலுக்கு ஓடி வருகிறோம். சாயத்தைத் தடவிப் பார்க்கிறோம். பம்பரின் பளபளப்பைப் பாராட்டுகிறோம். இஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்க்கிறோம். உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொள்கிறோம். யாராவது ஒருவர் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா? அந்தச் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டதுண்டா?

அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பழைய காரின் முன் சஸ்பென்ஷனை வீட்டு போர்ச்சிலேயே பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் பூட்டுவது. நான் எடுத்துக்கொள்ளும் கார் மோரிஸ் மைனர். நான் வைத்திருப்பதும் அதுதான். நம் நாட்டில் அந்தக் காரைத் தெரியாத பெரியவர்கள் குறைவு. ஆசிரியர்கள் வைத்திருந்தார்கள், அரசாங்க குமாஸ்தாக்கள் வைத்திருந்தார்கள், தோட்டத்து டிரஸர்கள் வைத்திருந்தார்கள். பினாங்குத் தீவுக்குப் பாலம் வராத காலத்தில், 1985க்கு முன்னால், பட்டர்வொர்த்தில் பெர்ரிக்காக வரிசை பிடித்து நின்ற வண்டிகளில் அதுவும் நின்றது.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அலெக் இசிகோனிஸ் என்று ஒரு பொறியாளர். துருக்கியின் ஸ்மிர்னா நகரில் 1906இல் பிறந்தவர். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் இவரே. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்தக் காரை வரையத் தொடங்கினார். 1948 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், வண்டி பார்க்க ஒடுங்கித் தெரிகிறது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டன. அதனால் தொடக்க கால மைனர்களில் பம்பரின் நடுவில் ஓர் ஒட்டுத் துண்டு இருக்கும். இஞ்சின் மூடியின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலம்தான். 10 லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை சுமார் 16 லட்சம்.

இந்தியாவிலும் இதன் சொந்தங்கள் உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே மைனரை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் கட்டியது. அதன் பெரிய அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் அம்பாசடராக மாறி 2014 வரை உற்பத்தியானது. நம்மில் பலர் மதுரையிலோ திருச்சியிலோ உறவினர் கல்யாணத்துக்குப் போய் இறங்கிய அந்த அம்பாசடரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். மைனரின் முன்பக்கத்தைப் புரிந்துகொண்டவருக்கு அங்கே அந்நியமாக எதுவும் இராது.

சரி, அங்கே என்ன இருக்கிறது?

சுருள் ஸ்பிரிங் இல்லை. பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட உருக்குக் கம்பி. வண்டியின் நீளத்தோடு, தரைக்கு அடியில், முன்னிருந்து பின்னால் ஓடுகிறது. டார்ஷன் பார் என்கிறோம். அதன் பின்முனை வண்டியின் தரைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோவர் ஆர்மில் கோக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆர்ம் மேலே போகும், கம்பி முறுக்கேறும். ஈர வேட்டியை இரண்டு பேர் பிழியும்போது ஒருவர் அசையாமல் பிடிக்க மற்றவர் முறுக்குகிறாரே, அப்படி. முறுக்கியது திரும்பும்போது சக்கரம் கீழே வரும். அவ்வளவுதான் ஸ்பிரிங்.

பிரான்சில் 1934இலேயே சித்ரோயன் நிறுவனத்தின் டிராக்‌ஷன் அவாந்த் காரில் இந்த முறை வந்துவிட்டது. ஃபோல்க்ஸ்வேகன் வண்டுக் காரிலும் முறுக்கும் உருக்குதான், ஆனால் குறுக்கே கிடக்கும். இசிகோனிஸ் நீளவாக்கில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்சக்கரத்தின் பளு வண்டியின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூக்குப் பகுதி லேசாக இருக்கலாம், இஞ்சினுக்கு இடம் கிடைக்கும். அழகான கணக்கு அது. எனக்கு இன்றும் வியப்பு தருகிற கணக்கு.

ஆனால் நண்பர்களே, நான் உங்களைக் கூட்டிப் போக நினைத்த இடம் கம்பி இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் ஒரு சிறிய இடம்.

சக்கரம் திரும்ப வேண்டுமல்லவா? அதற்கு நிமிர்ந்து நிற்கும் ஓர் அச்சு வேண்டும். அதுதான் கிங் பின். மைனரில் இந்தக் கிங் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். மேலே ஒரு டிரன்னியன், கீழே ஒரு டிரன்னியன். உள்ளே மரை வெட்டிய உலோகத் துண்டுகள் அவை. மேல் டிரன்னியனை, குலுக்கலை அடக்கும் அப்சோபரின் கை பிடித்திருக்கும். கீழ் டிரன்னியனை லோவர் ஆர்ம் பிடித்திருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிங் பின் அந்த மரைக்குள் கொஞ்சம் திருகி ஏறும், கொஞ்சம் திருகி இறங்கும்.

இப்போது பளு எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். தரை, சக்கரத்தை மேலே தள்ளுகிறது. சக்கரத்தோடு கிங் பின்னும் மேலே போகப் பார்க்கிறது. டார்ஷன் பார் லோவர் ஆர்மைக் கீழே அழுத்துகிறது. ஒன்று மேலே இழுக்கிறது, ஒன்று கீழே இழுக்கிறது. நடுவில் பிடித்திருப்பது எது? கீழ் டிரன்னியனுக்குள் இருக்கும் சில சுற்று மரை. வண்டியின் அந்த மூலை முழுவதும், அதில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி மக்கள் உட்பட, அந்தச் சில சுற்று மரையில் தொங்குகிறது.

அந்த மரை தேய்ந்தால்? கிங் பின் உருவிக்கொண்டு மேலே வந்துவிடும். ஆர்ம் தரையில் விழும். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மைனர் ஓடிய நாடுகளில் எல்லாம் தெரிந்த விபத்து இது. பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, முழுக்க ஒடித்துத் திருப்பும்போது நடக்கும். பார்க்கிங்கில் நடந்தால் அதிர்ஷ்டம். பாலத்தின் நடுவில் நடந்தால்?

எதனால் தேய்கிறது? கிரீஸ் இல்லாமல் தேய்கிறது. கிரீஸ் ஏன் இல்லை? யாரும் அடிக்கவில்லை. கிங் பின்னின் மேலும் கீழும் நிப்பிள் இருக்கிறது. 1000 மைலுக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் அடிக்கச் சொல்லித்தான் அந்தக் காலத்துக் கையேடு கொடுத்தார்கள். கிலோமீட்டரில் 1600. இங்கிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு தடவை போய் வந்தால் ஏறக்குறைய வந்துவிடுகிற தூரம். இன்றைக்கு சர்வீஸ் என்றால் என்ன? எண்ணெய் மாற்று, பில்டர் மாற்று, அனுப்பு. பல கடைகளில் கிரீஸ் கன்னே கிடையாது. புது வண்டிக்கு அது தேவையில்லை, அதனால் அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் நம் வண்டிக்குத் தேவை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மழை. கடல் காற்று. ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே இந்த டிரன்னியன் நனைந்துவிடும். அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் தண்ணீர் மரைக்குள் போகும். கிரீஸ் வெளியே வரும், துரு உள்ளே உட்காரும். அதற்கு மேல், நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது பரிசோதனைக்குப் போகிறோம். அதன்பின் இருபது வருடம் வைத்திருந்தாலும் யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. ரோட்டேக்ஸ் புதுப்பித்தாயிற்று, இன்சூரன்ஸ் கட்டியாயிற்று. மரை இருக்கிறதா? யார் பார்த்தது?

நாம்தான் பார்க்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

எப்படிப் பார்ப்பது? வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை நம்பி எவனும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. இதை நான் மூன்று முறை சொன்னாலும் தகும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. நம் தாமான் வீடுகளின் போர்ச் சாக்கடைப் பக்கம் சரிந்துதான் இருக்கும். ஆகவே பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பிறகு தொங்கும் சக்கரத்தின் உச்சியை ஒரு கையாலும் அடியை ஒரு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். வீட்டில் ஒருவரை டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் ஹப்பில் இருந்தால் அது பேரிங். கிங் பின்னுக்கும் டிரன்னியனுக்கும் நடுவில் ஆட்டம் தெரிந்தால், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவரக்கூட அதை எடுக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு சோதனை. டார்ஷன் பாரின் பின்முனை பூட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சட்டத்தின் இரண்டு ஓரங்களும், முன்னால் போகும் சேஸிஸ் கால்களும் துருவுக்குப் பிடித்த இடங்கள். அடியில் தார்ச் சாயம் பூசியிருப்பார்கள், பார்க்கத் திடமாக இருக்கும். குத்தினால் உள்ளே போகும். போனால் முதலில் வெல்டிங், பிறகுதான் சஸ்பென்ஷன். இற்றுப்போன சட்டத்தில் புது டிரன்னியனைப் பூட்டி என்ன பயன்?

இனி வேலை. இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் ஆபத்து இங்கேதான்.

சக்கரம் தொங்கும்போதும் டார்ஷன் பாரில் முறுக்கு மிச்சம் இருக்கும். வண்டியைத் தூக்கிவிட்டோம், பளு போய்விட்டது என்று நினைத்து நட்டைக் கழற்றினால் ஆர்ம் பாய்ந்து இறங்கும். நடுவில் விரல் இருந்தால் விரல் இராது. அதனால் இரண்டாவது ஜாக்கி ஒன்றை லோவர் ஆர்முக்கு அடியில் கொடுத்து, லேசாக ஏற்றி, பளுவை அதன்மேல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முன்னால் போகும் டை ராடைக் கழற்றுங்கள். லோவர் ஆர்ம் இரண்டு பாதியாக இருக்கும். முன்பாதியைக் கழற்றினால் டிரன்னியனைக் கோத்திருக்கும் ஊசி வெளியே தெரியும். அதை முன்னால் தட்டி உருவுங்கள். கிங் பின் விடுபட்ட பிறகு, ஆர்முக்கு அடியில் இருக்கும் ஜாக்கியை மெல்ல, மெல்ல இறக்குங்கள். முறுக்கு முழுவதும் இறங்கி ஆர்ம் ஓய்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஹப்பை பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பி போட்டு மேலே கட்டுங்கள்.

டார்ஷன் பாரைக் கழற்ற வேண்டியிருந்தால் எது இடம், எது வலம் என்று சாயம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரே திசையில் முறுக்கிப் பழகிய உருக்கு அது. மாற்றிப் போட்டால் எதிர்த் திசையில் முறுக்கேறும், உடையும். பாரின் மேல் உளி படக் கூடாது, சுத்தியல் படக் கூடாது, ரெஞ்சின் பல் படக் கூடாது. ஒரு கீறல் போதும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

என் வண்டியில் கழற்றிய கீழ் டிரன்னியனை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவியபோது உள்ளிருந்து வந்தது கிரீஸ் இல்லை. செங்கல் நிறத்தில் உலர்ந்த பொடி. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடியது. கிங் பின்னின் மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதியதில் மரையின் உச்சி தட்டையாக, அகலமாக இருக்கும். இதில் கூராகிப் போயிருந்தது. நகத்தை வைத்தால் கீறியது. பக்கவாட்டில் பாதி உலோகம் இல்லை. இந்த வண்டிக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள், இருக்கைத் துணி மாற்றியிருந்தார்கள், சக்கரத்துக்கு வெள்ளை வளையம் வைத்திருந்தார்கள். ஒரு கிரீஸ் கன் வாங்கப் பணம் இல்லாமலா போயிற்று?

டிரன்னியனை மட்டும் மாற்றி, தேய்ந்த கிங் பின்னை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. புது மரை பழைய மரையில் உட்காராது, ஒரு வருடத்தில் இரண்டும் போய்விடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிப் பொருள் என்பதை மறக்காதீர்கள். புது டிரன்னியனைக் கடைசிவரை திருகி ஏற்றி, பிறகு ஒரு சுற்றுத் தளர்த்தி விடுங்கள். அந்த ஒரு சுற்று இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மரை அடியில் முட்டி இறுகும்.

ரப்பர் புஷ்களைப் பற்றி ஒரு சொல். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே புஷ் நட்டுகளை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும். கையால் பூட்டி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அது தன் உயரத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள். அனுபவமுள்ள போர்மேன்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

மைனரின் அப்சோபர் இன்றைய குழாய் வகை இல்லை. எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கை. அந்தக் கைதான் மேல் டிரன்னியனைப் பிடித்திருக்கிறது என்று முன்பே சொன்னேன். ஆகவே எண்ணெய் ஒழுகுகிற அப்சோபர் வெறும் குலுக்கலோடு நிற்கிற விஷயமில்லை. மூடியைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள், உள்ளே தூசி போகக் கூடாது. கையை மேலும் கீழும் ஆட்டி, காற்று போகும்வரை எண்ணெய் ஊற்றுங்கள். அச்சைச் சுற்றி ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். கடைசியில் அலைன்மெண்ட். வீட்டில் நூல் கட்டி, முன்சக்கரங்களின் முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் உட்புறம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு கடையில் கொடுத்துச் சரி செய்யுங்கள்.

எல்லாக் காருக்கும் ஒரே மருந்தா? இல்லை. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கட்டியது. டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதிலும் கீழே டிரன்னியன் உண்டு, வெண்கலத்தில். அதற்கு கிரீஸ் ஆகாது, கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் அங்கே கெட்டிப்பட்டு மரையின் உள்வரை போகாது. உலர்ந்துபோன அந்த நிமிர்ந்த அச்சு அறுந்துவிடும். மைனர்காரர் ஹெரால்டுக்கு யோசனை சொல்லப் போய், நல்லெண்ணத்தோடு கிரீஸ் அடித்துக் கெடுத்துவிடலாம். எந்த வண்டியோ அந்த வண்டியின் கையேட்டைத் திறந்து படியுங்கள்.

பொருள் கிடைக்குமா? இந்தக் கேள்வியை எங்கே போனாலும் கேட்கிறார்கள். கிடைக்கும். பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் மைனர்களுக்காகவே ஒரு மையம் நடத்தினார். ஒரு காரை நன்றாகப் பராமரித்து நெடுங்காலம் ஓட்டுவதுதான் சிக்கனம் என்று 1982இல் புத்தகமே எழுதினார். பிறகு அவர் தேடிப் போன இடம் எது? இலங்கை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பல்லாண்டுகள் புதுக் கார் வராமல், மைனர்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே ஓட்டிய நாடு. அங்கே காலி நகரில் மைனருக்கான உடற்தகடுகளைச் செய்யும் தொழிற்சாலை அமைந்தது. தகட்டைக் கையால் அடித்து வளைக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். காலியில் அடித்த தகடு கப்பலேறிப் போய் இங்கிலாந்துக் கார்களில் உட்கார்ந்தது. நம் கடலுக்கு அந்தக் கரையில் இருந்த கைத்திறனை நம்பி, அந்தக் காரைச் செய்த நாடே வந்து நின்றது!

நம்மிடம் அந்தக் கைகள் இல்லையா? தோட்டத்து லாரிகளை, பொதுப்பணித் துறை வண்டிகளை, செந்தூல் ரயில்வே பட்டறையில் இஞ்சின்களைப் பழுது பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். இந்த அரங்கிலேயே, இரும்பில் ஸ்பானரை வைத்தவுடன் நட்டு எந்த அளவு என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யார் கேட்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஐயாவை வீட்டுக்கு அழைத்து, “ஐயா, நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், நான் கழற்றுகிறேன், தப்பாகச் செய்தால் சொல்லுங்கள்” என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அவர் நாற்காலியில் இருக்க மாட்டார்.

மகள்களையும் கூப்பிடுங்கள். டார்ச் பிடிக்க மட்டும் கூப்பிடாதீர்கள், ஸ்பானரைக் கையில் கொடுங்கள். மரை எந்தப் பக்கம் ஏறுகிறது, பளு எந்த வழியாக இறங்குகிறது என்று ஒரு பிள்ளை தன் வீட்டு போர்ச்சில் கண்டுகொண்டால், பள்ளியில் விசைப் பாடம் அவளுக்குக் கசக்காது.

இது வீட்டில் செய்யத் தகுந்த வேலையா, ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் கையால் நடக்கட்டும், ரோட்டில் எடுப்பதற்கு முன் இன்னொருவர் கண் பட வேண்டும். ஒவ்வொரு நட்டையும், ஒவ்வொரு பிளவு ஊசியையும் ஒரு நல்ல போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு தெருவுக்குள் மெதுவாக ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு கிரீஸ். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு அடியுங்கள். தரையில் நிற்கும்போது அடித்தால் பளு தாங்கும் பக்கத்து மரை இறுகிக் கிடக்கும், கிரீஸ் அங்கே போகாது. தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, வளையத்தின் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். அழுக்குக் கிரீஸ் வந்தால் நிறுத்தாதீர்கள். சுத்தமானது வரட்டும்.

வெளியே வாசலில் என் வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். பக்கத்து மேசையில் தேய்ந்த கிங் பின்னும் புதியதும் இருக்கின்றன, கிரீஸ் கன்னும் இருக்கிறது. தேநீர் ஆறுவதற்குள் வாருங்கள். இரண்டையும் கையில் எடுத்து, மரையில் நகத்தை வைத்துப் பாருங்கள். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் முதலில் வாருங்கள்.